பயிற்சியில் விபத்து: இனி விமானி வேலை கிடைக்குமா?

கேள்வி: ஐயா, மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர் எனக்கு. வயது 22. அப்பாவுக்கு விசைப்படகுத் தொழில். உச்சிப்புளி கடற்படைத் தளத்திலிருந்து ஹெலிகாப்டர் எழும்பிப் போவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அப்பா படகில் தனக்கிருந்த பங்கை விற்றார். அம்மா நகையை அடகு வைத்தார். மீதிக்குக் கல்விக் கடன் வாங்கி, வெளிமாநிலத்தில் ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்த்தார்கள். இதுவரை 118 மணி நேரம் பறந்திருக்கிறேன்.

நான்கு மாதத்துக்கு முன், மழையால் மூன்று வாரம் பறக்காமல் இருந்தேன். அதன் பிறகு ஒருநாள் காலையில் இன்ஸ்ட்ரக்டரோடு ஒரே ஒரு சர்க்யூட் (எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி இறங்குவது). மதியம் செஸ்னா 172 என்ற சிறிய பயிற்சி விமானத்தில் சோலோ, அதாவது தனியாக, அனுப்பினார்கள். காற்று கூடியிருந்தது. இறங்கும்போது வேகம் 65 நாட் இருக்க வேண்டிய இடத்தில் 75 இருந்தது. விமானம் துள்ளியது. மூன்றாவது துள்ளலில் முன்சக்கரம் மடங்கி, புரொப்பல்லர் ரன்வேயில் அடித்து, ஓரமாகப் போய் நின்றது. உதட்டில் இரண்டு தையலோடு தப்பித்தேன்.

விசாரணை நடக்கிறது. பள்ளியில் வீட்டுக்குப் போய் இரு என்று அனுப்பிவிட்டார்கள். 'விபத்து முழுக்க என் கவனக்குறைவால் நடந்தது, இழப்புக்கு நானே பொறுப்பு' என்று ஒரு கடிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். சீனியர் அண்ணன் ஒருவர், 'லாக் புக்கில் (பறந்த கணக்கு எழுதும் புத்தகம்) எதுவும் எழுதாதே, வேறு பள்ளிக்கு மாறிக்கொள், இன்டர்வியூவில் மூச்சு விடாதே' என்கிறார். அம்மா, பறந்தது போதும் என்கிறார். எனக்கும் படுத்தால் தூக்கம் வருவதில்லை. அந்த ரன்வேதான் வருகிறது. இனி எந்த ஏர்லைன்ஸ் என்னை எடுக்கும்? (பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்:

தம்பி, கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக் காலத்தில் விமானத்தைச் சேதப்படுத்தியவர்கள் பின்னால் உரிமம் வாங்கி, ஏர்லைன்ஸில் சேர்ந்து, கேப்டன் ஆகி என்னோடு பறந்திருக்கிறார்கள். இன்ஸ்ட்ரக்டராகவும் இருந்திருக்கிறேன், ஆள் எடுக்கும் குழுவிலும் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: சோலோவில் நடந்த ஒரு மோசமான தரையிறக்கத்துக்காக மட்டும் யாரும் உங்களை ஒதுக்கிவிட மாட்டார்கள். அதை மறைத்தீர்கள் என்று தெரிந்தால் ஒதுக்குவார்கள். உங்கள் பங்கு எவ்வளவோ அவ்வளவையும் ஒத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஒரு வரியைக்கூட உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். பள்ளியின் கடிதம், சீனியரின் யோசனை இரண்டுக்கும் இதுதான் என் பதில்.

அவசரமானது அந்தக் கையெழுத்து. போட வேண்டாம்.

விபத்துக்கான காரணத்தைச் சொல்லும் வேலை பள்ளியுடையதும் இல்லை, உங்களுடையதும் இல்லை. அதற்கென்று விமான விபத்துப் புலனாய்வுப் பணியகம் இருக்கிறது. 2017-இல் வந்த விபத்து விசாரணை விதிகளும், உலக நாடுகள் ஒப்புக்கொண்டுள்ள அனெக்ஸ் 13-ம், விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, யார் மேலும் பழி சுமத்துவது இல்லை என்று தெளிவாகச் சொல்கின்றன. விசாரணை அதிகாரியிடம் நீங்கள் தரும் வாக்குமூலத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தாமல் காக்க வேண்டும் என்பதும் அனெக்ஸ் 13-இல் இருக்கிறது. பள்ளிக்கு எழுதித் தரும் கடிதத்துக்கு அப்படி எந்தக் காப்பும் கிடையாது. அது காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகலாம். பண வசூலுக்குப் பயன்படலாம். நாளைக்கு வேறொரு பள்ளி உங்களைப் பற்றி விசாரித்தால் அதன் நகலும் கூடவே போகலாம்.

அதோடு, அந்த வாக்கியம் உண்மையும் இல்லை. 'முழுக்க' என்ற சொல்லைத்தான் சொல்கிறேன். வேகம் 75 இருந்தது உங்கள் கையில். துள்ளிய பிறகு யோக்கை (மூக்கை ஏற்றி இறக்கும் கைப்பிடியை) முன்னால் தள்ளியிருந்தால் அதுவும் உங்கள் கையில்தான். ஆனால் மூன்று வாரம் பறக்காத மாணவனை ஒரே சர்க்யூட்டில் சரிபார்த்துவிட்டுச் சோலோவுக்கு அனுப்பியது யார்? அந்த மதியத்தில் காற்று எவ்வளவு, எந்தத் திசை? செஸ்னா 172-இன் கையேட்டில், சோதனையில் இறக்கிக் காட்டிய குறுக்குக் காற்று (பக்கவாட்டில் அடிக்கும் காற்று) அளவு 15 நாட். மாணவர் சோலோவுக்குப் பள்ளிகள் அதைவிடக் குறைவான வரம்பு வைத்திருக்கும்; உங்கள் பள்ளியின் பயிற்சிக் கையேட்டில் அது எவ்வளவு, அன்று அது மீறப்பட்டதா? காலையில் இருந்த காற்றுக்குக் கொடுத்த அனுமதியை மதியம் யாராவது திரும்பப் பார்த்தார்களா? கீழே நின்று கவனித்த இன்ஸ்ட்ரக்டர் ரேடியோவில் ஏதாவது சொன்னாரா? அந்த விமானத்தின் முன்சக்கரம் இதற்கு முன் யார் கையிலாவது அடிபட்டிருக்கிறதா? நல்ல விசாரணை இவை அத்தனையையும் கேட்கும். கேட்டு முடிக்கும் முன் நீங்களே 'முழுக்க நான்' என்று எழுதிக் கொடுத்தால், உங்களுக்கு அடுத்துச் சோலோ போகும் பையனுக்கும் நல்லதில்லை.

இதை எழுதுவதால் பள்ளியோடு சண்டைக்குப் போங்கள் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பயிற்சியை அங்கேயே முடிக்க வேண்டியும் வரலாம். மரியாதையாக இப்படி ஒரு பதில் போதும்: 'நடந்ததை விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் தெரிவித்துள்ளேன். விசாரணைக்குத் தொடர்ந்து ஒத்துழைப்பேன். காரணம் பற்றியும் பொறுப்பு பற்றியும் அறிக்கை வரும்வரை தனியாக எழுதித் தருவது முறையாக இருக்காது என்று கருதுகிறேன். திருத்தப் பயிற்சியோடு என் பறத்தலை எப்போது தொடரலாம் என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.' தலைமை இன்ஸ்ட்ரக்டர் பெயருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். போனில் பேசி முடிக்காதீர்கள்.

பணப் பொறுப்பு விஷயத்தில், சேரும்போது நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைத் தேடி எடுங்கள். பயிற்சி விமானங்களுக்குக் காப்பீடு இருக்கும். காப்பீடு தராத முதல் தொகையை மாணவரிடம் கேட்கலாம் என்று சில ஒப்பந்தங்களில் ஒரு வரி இருப்பது உண்டு. இருந்தால் எவ்வளவு, எந்தச் சூழ்நிலையில் என்று பாருங்கள். இல்லையென்றால் இப்போது புதிதாக அதை உருவாக்கிக் கொடுக்காதீர்கள். தாளை எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பார்ப்பது நல்லது. செலவு தாங்காது என்றால் ராமநாதபுரத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வருமான வரம்புக்குள் வருபவர்களுக்கு அங்கே கட்டணம் இல்லாமல் சட்ட உதவி கிடைக்கும். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அடுத்து சீனியர் அண்ணன் சொன்னது. அவர் உங்கள் மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் அது ஆபத்தான யோசனை.

புரொப்பல்லர் தரையில் அடித்தால் என்ஜினைப் பிரித்துச் சோதிக்க வேண்டும். அது என்ஜின் பதிவேட்டில் ஏறும். செஸ்னா 172-இல் முன்சக்கரக் கால், என்ஜினுக்குப் பின்னால் உள்ள ஃபயர்வால் என்ற தடுப்போடு பிணைந்திருக்கும். அங்கே வளைந்திருந்தால் விமானத்தின் பதிவேட்டில் பெரிய பழுதாக ஏறும். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் நேரம் பதிவாகியிருக்கும். விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வுக்கு அறிக்கை போயிருக்கும். காப்பீட்டுக் கோப்பு ஒன்று தனியாக இருக்கும். புலனாய்வுப் பணியகத்தின் இறுதி அறிக்கை இணையத்தில் எல்லோரும் படிக்கும்படி வெளியாகும். அதில் பொதுவாக விமானியின் பெயர் இருக்காது. வயது, உரிம வகை, பறந்த மணி நேரம், விமானத்தின் பதிவு எண், தேதி எல்லாம் இருக்கும். உங்கள் லாக் புக்கில் அதே தேதியில் அதே பதிவு எண் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருவருக்கு ஐந்து நிமிடம் போதும். அந்த நாளையே லாக் புக்கிலிருந்து எடுத்துவிட்டால் அது பொய்ப் பதிவு. பொய்த் தகவல் கொடுத்தால் உரிமத்தை நிறுத்தி வைக்கவும் ரத்து செய்யவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

2011-இல் நம் நாட்டில் போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து உரிமம் வாங்கிய விமானிகள் சிலர் கைதானது உங்களுக்கு நினைவிருக்க வாய்ப்பில்லை, அப்போது நீங்கள் சின்னப் பையன். பயணிகள் விமானம் ஒன்று கோவாவில் முன்சக்கரம் முதலில் படும்படி இறங்கியது. அதை விசாரிக்கப் போனபோதுதான் பழைய காகிதங்கள் வெளியே வந்தன. தரையிறக்கம் மோசமாக இருந்ததற்குத் திருத்தப் பயிற்சி கொடுத்திருப்பார்கள். காகிதத்தில் இருந்த பொய்க்கு எந்தப் பயிற்சியும் இல்லை. விமானத் தொழிலில் பழைய பதிவுகளை யாரும் தூக்கி எறிவதில்லை. பத்து வருடம் கழித்து வேறொரு காரணத்துக்காக ஒருவர் உங்கள் கோப்பைத் திறப்பார். வலது இருக்கையில் 180 பேரைப் பின்னால் வைத்துக்கொண்டு பறக்கும் காலத்தில் இப்படி ஒரு பயத்தோடு நீங்கள் இருக்கக் கூடாது.

நடந்ததற்கு என்ன பெயர் என்பதையும் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். சேதம் புரொப்பல்லர், டயர், இறக்கை நுனி போன்றவற்றோடு நின்றால் அனெக்ஸ் 13 கணக்கில் அது 'விபத்து' ஆகாது, 'சம்பவம்' என்ற வகையில் வரும். கட்டமைப்பு பாதிக்கப்பட்டுப் பெரிய பழுதுபார்ப்பு தேவைப்பட்டால் விபத்து. உங்களுடையது எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்று விசாரணை அதிகாரியிடம் கேளுங்கள். நாளைக்கு விண்ணப்பத்தில் 'விபத்து அல்லது சம்பவத்தில் சம்பந்தப்பட்டதுண்டா' என்ற கட்டத்தை நிரப்பும்போது அதே சொல்லைப் பயன்படுத்த வேண்டும். கூட்டியும் வேண்டாம், குறைத்தும் வேண்டாம்.

அந்தக் கட்டத்தில் 'ஆம்' என்று எழுதினால் என்ன நடக்கும் என்பதுதான் உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது. நடப்பதைச் சொல்கிறேன். எழுத்துத் தேர்வுக்கும், மனத்திறன் தேர்வுக்கும், சிமுலேட்டருக்கும் இது பொருட்டே இல்லை. அங்கே அன்றைக்கு எப்படிச் செய்கிறீர்களோ அவ்வளவுதான். இன்டர்வியூவில் கட்டாயம் கேட்பார்கள். எங்களைப் போல எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் கேட்பது விபத்தின் கதைக்காக இல்லை. இந்தப் பிள்ளை நாளைக்குப் பயணிகள் விமானத்தில் ஒரு தவறு செய்தால், அதைக் கேப்டனிடம் உடனே சொல்வானா, மூடி மறைப்பானா என்று பார்க்கிறோம். உங்களிடம் அதற்கு ஒரு நிஜமான சம்பவம் இருக்கிறது. விபத்து எதுவும் காணாத பல பேர் புத்தகத்தில் படித்ததைத்தான் ஒப்பிக்க முடியும்.

நான் பல முறை கேட்ட ஒரு மோசமான பதில்: 'திடீரென்று காற்று அடித்தது சார், விமானம் துள்ளிவிட்டது.' இதைக் கேட்டதும் குழுவில் பேனா மூடப்படும். காற்று எல்லோருக்கும் அடிக்கிறது. இன்னொரு மோசமான பதில், தலையைக் குனிந்துகொண்டு 'எல்லாம் என் தப்புதான் சார்' என்பது. அதில் பணிவு இருக்கிறது, அறிவு இல்லை. எது தப்பு, எந்த நொடியில், அதற்குப் பதில் என்ன செய்திருக்க வேண்டும்? அதைச் சொல்லத் தெரியாதவன் அதே தப்பைத் திரும்பச் செய்வான்.

உங்கள் விபத்தை வைத்தே பார்ப்போம். 65-க்குப் பதில் 75 நாட் என்றால் காகிதத்தில் 10 நாட்தான் அதிகம். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவது. ஆகவே கீழே இறங்கிக் கரைக்க வேண்டிய ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. அதனால் ரன்வேக்கு மேலே விமானம் மிதந்திருக்கும். மிதக்க மிதக்க ரன்வே தீர்ந்துபோகிறதே என்று பதற்றம் வரும். பதற்றத்தில், இன்னும் பறக்க விரும்பும் விமானத்தைக் கட்டாயப்படுத்திக் கீழே வைத்திருப்பீர்கள். அது துள்ளும். மூக்கு மேலே போனதைப் பார்த்ததும் கை தானாக யோக்கை முன்னால் தள்ளும். முன்சக்கரம் முதலில் படும். படும்போது அது மூக்கை முன்னைவிட உயரமாகத் தூக்கும். கை மறுபடி தள்ளும். விமானம் ஆடுவதும் கை தள்ளுவதும் ஒன்றுக்கொன்று அரை நொடி பிந்தி ஓடுவதால், ஒவ்வொரு துள்ளலும் முந்தையதைவிட மோசமாகும். மூன்றாவதில் முன்கால் தாங்காமல் போவது உலகம் முழுக்கப் பயிற்சிப் பள்ளிகளில் நடந்திருக்கிற கதை. நீங்கள் மட்டும் விதிவிலக்கான முட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

இதில் எந்த இடத்தில் சங்கிலியை அறுத்திருக்கலாம்? துள்ளலில் இல்லை, அதற்கு முன்னாலேயே. இறுதிக் கட்டத்தில் வேகம் 75 என்று கண்ணில் பட்டபோதே கோ அரவுண்ட் (இறங்காமல் பவர் கொடுத்து மறுபடி மேலே போவது) போயிருக்கலாம். மிதக்க ஆரம்பித்தபோது போயிருக்கலாம். முதல் துள்ளலிலும்கூட, மூக்கை அந்த நிலையிலேயே பிடித்து, முழு பவர் கொடுத்து மேலே போயிருக்கலாம். மூன்று வாய்ப்பு இருந்தது. அப்பாவிடம் கேளுங்கள்: முகத்துவாரத்தில் அலை உடையும்போது படகை வெளியே திருப்பி, நின்று, தணிந்த நேரம் பார்த்து மறுபடி உள்ளே விடுகிற சுக்கானியை யாராவது பயந்தாங்கொள்ளி என்கிறார்களா? பயிற்சிப் பள்ளிகளில் என்னவோ கோ அரவுண்ட் போன மாணவனைப் பார்த்து நண்பர்கள் சிரிக்கிற ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. இன்ஸ்ட்ரக்டர்கள் அதை முளையிலேயே கிள்ள வேண்டும், பலர் கிள்ளுவதில்லை. இது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

ஆக, இன்டர்வியூவில் உங்கள் பதில் ஏறக்குறைய இப்படி இருக்கட்டும்: 'எனக்கு 118 மணி நேரம் இருந்தபோது சோலோவில் ஒரு விபத்து நடந்தது. மூன்று வார இடைவெளிக்குப் பிறகு, காற்று கூடிய மதியத்தில் போனேன். இன்ஸ்ட்ரக்டரோடு இன்னொரு டூயல் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. இறுதிக் கட்டத்தில் 10 நாட் அதிகம் இருந்தும் தொடர்ந்தேன். முதல் துள்ளலில் கோ அரவுண்ட் போகாமல் சரிசெய்யப் பார்த்தேன். முன்சக்கரம் மடங்கியது. அதன் பிறகு இத்தனை மணி நேரம் திருத்தப் பயிற்சி எடுத்தேன். இப்போது 5 நாட் அதிகம் இருந்து அது குறையவில்லை என்றாலே இறங்க மாட்டேன். அறிக்கை இதோ.' இரண்டு நிமிடம் ஆகாது. இதில் பள்ளியைப் பற்றி ஒரு குறைகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். பள்ளியின் பங்கு அறிக்கையில் இருந்தால் குழு தானாகப் படித்துக்கொள்ளும். நீங்கள் சொன்னால் சாக்குப்போல் கேட்கும்.

எல்லாம் நல்லபடியாகவே முடியும் என்று இனிக்க இனிக்கச் சொல்ல மாட்டேன். ஒரே இடத்துக்கு இரண்டு பேர், மற்ற எல்லாம் சமம், ஒருவர் பதிவில் விபத்து இல்லை என்றால் அவருக்கு முன்னுரிமை போகும் நாளும் வரும். முதல் இரண்டு மூன்று இன்டர்வியூ கை நழுவலாம். இன்னொன்று: இதே மாதிரி இரண்டாவது முறை நடந்தால் நான் இதே தைரியத்தோடு உங்களுக்குப் பதில் எழுத முடியாது. ஒரு முறை என்றால் தற்செயல், இரண்டு என்றால் பழக்கம் என்றுதான் படிப்பார்கள். அதே சமயம், அனுமதி இல்லாமல் தாழப் பறந்தது, குடித்துவிட்டுப் பறந்தது, பதிவைத் திருத்தியது போன்றவற்றோடு உங்கள் விபத்தை ஒருவரும் ஒரே தட்டில் வைக்க மாட்டார்கள். திறமை போதாததால் நடந்ததற்குப் பயிற்சி மருந்தாகும்.

ஊரில் இந்நேரம் பத்துப் பேராவது உங்களிடம் கலாம் ஐயா கதையைச் சொல்லியிருப்பார்கள். டேராடூனில் விமானப்படைத் தேர்வில் 8 பேரை எடுத்தார்கள், ராமேஸ்வரத்துப் பிள்ளை 9-ஆவதாக வந்தார், விமானி ஆக முடியாவிட்டாலும் எங்கேயோ போனார் என்று. நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அவருக்குத் தேர்விலேயே அந்த வழி அடைபட்டது. நீங்கள் ஏற்கெனவே 118 மணி நேரம் பறந்தவர். உங்களை யாரும் இன்னும் நிராகரிக்கவில்லை. வேறு வேலை தேடிக்கொள் என்ற ஆறுதலை இப்போதே வாங்கிக்கொள்ள வேண்டாம்.

இனி காசும் காலமும். வணிக விமானி உரிமத்துக்கு மொத்தம் 200 மணி நேரம் வேண்டும், அதில் 100 மணி நேரம் நீங்களே பொறுப்பு விமானியாக. இன்னும் 82 பாக்கி. இடைவெளி நீள நீள, விட்ட இடத்துக்குத் திரும்பி வரவே கூடுதலாகப் பறக்க வேண்டியிருக்கும், அதுவும் உங்கள் செலவு. முதல் வகுப்பு மருத்துவச் சான்று உங்கள் வயதில் ஓராண்டுக்குத்தான் செல்லும்; தேதியைப் பாருங்கள். எழுதித் தேறிய தாள்களுக்கும் காலவரம்பு உண்டு, அதையும் பாருங்கள். வங்கிக்கு இப்போதே எழுதுங்கள். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், குறித்த காலத்தில் படிப்பை முடிக்க முடியாவிட்டால் அதிகபட்சம் 2 ஆண்டு வரை நீட்டிப்புத் தர இடம் இருக்கிறது. தவணை தொடங்கித் தவறிய பிறகு போய் நின்றால் மேலாளர் பேசும் விதம் வேறு. இப்போதே பள்ளியின் கடிதத்தோடு போனால் வேறு.

மறுபடி பறக்கும் நாள் வரும்போது, பள்ளி கொடுக்கும் திருத்தப் பயிற்சி இரண்டு சர்க்யூட்டோடு முடிந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். குறுக்குக் காற்றில் டூயல் கேளுங்கள். துள்ளிய விமானத்தை மீட்பதை இன்ஸ்ட்ரக்டர் உயரத்தில் அல்லாமல் ரன்வே மேலேயே காட்டட்டும். வேண்டுமென்றே அதிக வேகத்தில் வந்து கோ அரவுண்ட் போவதை, கை தானாகப் பவரைத் திறக்கும்வரை செய்யுங்கள். சோலோவுக்கு முன் தலைமை இன்ஸ்ட்ரக்டரோ துணைத் தலைமை இன்ஸ்ட்ரக்டரோ சோதித்து லாக் புக்கில் எழுதிக் கையெழுத்திடட்டும். நாளைக்கு அந்த ஒரு பக்கம்தான் உங்கள் சார்பில் பேசும்.

அதுவரை வீட்டில் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். நமக்குப் பக்கத்து விமான நிலையம் மதுரை. ரன்வே 09, 27. அதன் மெட்டார் என்ற வானிலை அறிக்கை இணையத்தில் வந்துகொண்டே இருக்கும். தினமும் சில வேளை அதை எடுத்து, நான் இப்போது இறங்கினால் குறுக்குக் காற்று எவ்வளவு என்று மனக்கணக்குப் போடுங்கள். ஆடி மாதத்துக் கச்சான் காற்று 240 பாகைத் திசையிலிருந்து 20 நாட் அடிக்கிறது என்று வையுங்கள். ரன்வே 27 என்றால் 270 பாகை; 30 பாகை வித்தியாசம். குறுக்கே 10 நாட், எதிரே ஏறக்குறைய 17. பிறகு இன்னொரு கேள்வி: சோலோவில் இந்தக் காற்றுக்கு நான் போவேனா? போவேன், மாட்டேன் என்று ஒரு வார்த்தையில் நோட்டில் எழுதுங்கள். முடியாது என்று சொல்லிப் பழகாமல்தான் அன்று நீங்கள் அந்த மதியத்தில் கிளம்பிப் போனீர்கள் என்பது என் கணிப்பு.

தூக்கம் பற்றி. விபத்துக்குப் பிறகு சில வாரம் அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருவது இயல்பு. நான்கு மாதமாகியும் தூக்கத்தைக் கெடுக்கிறது என்றால் பேச ஆள் வேண்டும். ஆலோசகரைப் பார்த்தால் மருத்துவச் சான்று போய்விடும் என்ற பேச்சு பயிற்சி விடுதிகளில் உலவும், அதை நம்பிப் பலர் உள்ளுக்குள்ளேயே வைத்துப் புழுங்குகிறார்கள். ஒருவரிடம் மனம்விட்டுப் பேசுவதால் மட்டும் சான்று போகாது. விமானிகளின் மனநலம் பற்றி 2023 பிப்ரவரியில் டி.ஜி.சி.ஏ.யே சுற்றறிக்கை விட்டு, சக விமானிகள் துணை நிற்கும் ஏற்பாடு வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. மாத்திரை மட்டும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். டாக்டர் எழுதிக் கொடுத்தால் அதை உங்கள் மருத்துவப் பரிசோதகரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தூக்க மாத்திரை உடம்பில் இருக்கும்போது பறப்பது அடுத்த விபத்துக்கு நாள் குறிப்பது.

அம்மாவைச் சமாதானப்படுத்த அவசரப்படாதீர்கள். நகையைக் கழற்றிக் கொடுத்தவர் மகனின் உதட்டில் தையலைப் பார்த்திருக்கிறார். போதும் என்று சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. 'ஒன்றும் ஆகாது' என்று சொல்லாதீர்கள், அவர் நம்ப மாட்டார். என்ன நடந்தது, எதனால், அடுத்த முறை எதை மாற்றப் போகிறீர்கள் என்று எனக்கு எழுதியதைவிட விவரமாக அவரிடம் சொல்லுங்கள். இன்டர்வியூ குழுவுக்குச் சொல்லப் போகிற அதே பதில்தான். முதலில் அம்மாவுக்குச் சொல்லிப் பாருங்கள். அவர் கேட்கும் கேள்விகள் எங்கள் குழுவின் கேள்விகளைவிடக் கடினமாக இருக்கும்.

பள்ளிக்கு அனுப்பும் பதிலை எழுதிவிட்டு, அனுப்பும் முன் ஒப்பந்தத்தின் நகலோடு இதே முகவரிக்கு எனக்கு ஒன்று அனுப்பி வையுங்கள். படித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.